அம்பாசடர் என்ஜினை மாற்றும் முன்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

“என்ஜின் போய்விட்டது, வேறு போட்டுவிடுங்கள்.” பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இந்த வாக்கியத்தை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். நானும் கேட்டேன். 2016-இல் என் தந்தையின் 1972 மார்க் 2, மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் குன்னூர் மலை ஏறும்போது இழுக்க மறுத்தது. மிதித்தால் குலுங்கியது, விட்டால் நின்றது. கொண்டுபோன பட்டறையில் ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, டீசல் என்ஜின் போடச் சொன்னார்கள். எந்தக் கருவியையும் கையில் எடுக்காமலேயே விலை வரை பேசிவிட்டார்கள். அந்தப் பெட்ரோல் என்ஜின் இன்றும் அதே வண்டியில்தான் ஓடுகிறது. கெட்டிருந்தது, எரிந்த புகையை வெளியே விடும் ஒரே ஒரு எக்ஸாஸ்ட் வால்வு.

இங்கே எழுதுவது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினைப் பற்றி மட்டும். பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது. 1959 வாக்கில் அம்பாசடருக்குள் வந்தது. நான்கு சிலிண்டர், ஏறக்குறைய ஐம்பது குதிரைத்திறன், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். அம்பாசடரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தரபாரா ஆலையில் 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் தேடினால் இன்னும் கிடைக்கின்றன. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும், கோவையில் உக்கடமும் ஏறி இறங்கத் தயங்காதவருக்கு இந்த என்ஜினைக் காப்பாற்றுவது கடினமான காரியமில்லை.

எதையும் கழற்றுவதற்கு முன் மூன்று சோதனைகள்

அறிகுறி எதுவாக இருந்தாலும் முதலில் இந்த மூன்றையும் செய்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். எழுதிய தாள் கையில் இருந்தால் பட்டறையில் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

முதலாவது, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். என்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த வயரை எடுத்து பாடியோடு சேர்த்துவிடுங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். பிளக் துளையில் கம்ப்ரஷன் மீட்டரை வைத்து அளக்க, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறேழு சுற்று போதும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த கம்ப்ரஷன் கணக்கில் சேராது. நல்ல என்ஜினையும் கெட்டதாகக் காட்டும். நான்கு எண்களும் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்கு மேலே, ஒன்றுக்கொன்று பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் அந்த என்ஜினை இறக்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் தேய்மானம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கில் அல்லது சிலிண்டரின் உட்சுவரான போரில். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட். இந்த ஒரு தேக்கரண்டி ஆயில்தான் ஹெட்டோடு முடியும் வேலையா, முழு என்ஜின் வேலையா என்பதைச் சொல்லித் தரும்.

இரண்டாவது, ஆயில் பிரஷர். டாஷ்போர்டு மீட்டரையோ விளக்கையோ நம்பாமல் தனியாக ஒரு மீட்டரைப் பொருத்திப் பாருங்கள். நன்றாகச் சூடான பிறகு, ஓட்டத்தில் ஐம்பது பவுண்டு அளவிலும் ஐடிலில் (மிதிக்காமல் நின்று ஓடும்போது) பதினைந்து அளவிலும் இருந்தால் கவலையில்லை.

மூன்றாவது, பிளக்கின் முகம். நான்கையும் வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்குங்கள். செம்மண் கலந்த சாம்பல் நிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமான, பிசுபிசுப்பான கருப்பு என்றால் ஆயில் உள்ளே வருகிறது. ஒன்று மட்டும் கழுவி எடுத்தது போல வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

அறிகுறி: குளிர்ந்திருக்கும்போது உடனே ஸ்டார்ட் ஆகிறது, சூடான பிறகு நின்றால் எடுக்கவில்லை

ஏப்ரல், மே மாதங்களில் இதற்காகவே என்ஜினை மாற்றியவர்களை நான் அறிவேன். இந்த அறிகுறிக்கு என்ஜினின் உட்பகுதி காரணமாக இருப்பது மிக அரிது.

பி வரிசையில் கலவை உள்ளே வரும் இன்லெட்டும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் சூட்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது காற்று அடிப்பதால் பிழைத்துக்கொள்கிறது. சிக்னலில் நின்றாலோ, டீ குடிக்க நிறுத்தினாலோ அந்தச் சூடு முழுவதும் மேலே ஏறி, பைப்பிலும் பம்ப்பிலும் உள்ள பெட்ரோலை ஆவியாக்குகிறது. பம்ப்பால் திரவத்தைத் தள்ள முடியும். ஆவியைத் தள்ள முடியாது. அந்தக் காலத்து டாக்சி ஓட்டுநர்கள் ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப் மீது சுற்றியது வெறும் நம்பிக்கையால் அல்ல.

சோதிப்பது எளிது. வண்டி நின்ற அதே இடத்தில் பம்ப் மீதும், கார்புரேட்டருக்குப் போகும் பைப் மீதும் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். சூடான எக்ஸாஸ்ட் மீது தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வார்ப்பிரும்பு வெடிக்கும். இப்போது எடுத்தால் காரணம் ஆவிதான். நிரந்தரத் தீர்வு: பெட்ரோல் பைப்பை, ஹெட்டோடு சேர்ந்த குழாய்த் தொகுதியான மானிஃபோல்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோவது, கார்புரேட்டருக்கு அடியிலுள்ள தடித்த வெப்பத்தடைத் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பது, இடையில் ஒரு தகட்டைத் தடுப்பாக வைப்பது. கழற்றிப் பூட்டும்போது அந்த வெப்பத்தடைத் துண்டைத் தவறவிட்டு வெறும் கேஸ்கட்டோடு முடித்திருக்கும் வண்டிகள் நிறைய.

ஈரத்துணிக்குப் பிறகும் எடுக்கவில்லை என்றால் ஸ்பார்க்கைப் பாருங்கள். மஞ்சளாக, நோஞ்சானாக இருந்தால் கண்டென்சர் அல்லது காயில். இரண்டும் சூட்டில் செத்துக் குளிரில் உயிர்த்தெழும் சாமான்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட்டின் முகம் கருகியிருந்தால் கண்டென்சர்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். டிக்கியில் ஒரு கண்டென்சர் எப்போதும் இருக்கட்டும்.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2023 முதல் படிப்படியாக வந்து இன்று பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகிவிட்ட இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வண்டியின் ரப்பருக்குப் பகை. பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம், ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் சீல் எல்லாம் ஊதி, மிருதுவாகி, கரைந்து வருகின்றன. டேங்க்கின் அடியில் நாற்பது ஆண்டுகளாகப் படிந்திருந்த துருவையும் அது கிளப்பிவிடுகிறது. ஃபில்டரில் செந்நிறத் தூள் தெரிந்தால் டேங்க்கை இறக்கிக் கழுவுங்கள். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி அடியில் தேக்கிவிடும். கலவையும் முன்பைவிடச் சற்று நீர்த்துப்போவதால் மிதிக்கும்போது ஒரு தயக்கம் வரும். மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

அறிகுறி: மிஸ்ஸிங் அடிக்கிறது, மேட்டில் இழுவை இல்லை, ஐடிலில் குலுங்குகிறது

என் வண்டிக்கு வந்தது இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள். என்ஜினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி பாடியோடு சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் குலுக்கல் கூடும். கெட்டதன் வயரைக் கழற்றினால் எந்த மாற்றமும் தெரியாது. அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் வயரையும் வேறொரு சிலிண்டரோடு இடம் மாற்றிப் பாருங்கள். குறை கூடவே இடம் மாறினால் செலவு இருநூறு ரூபாயோடு முடிந்தது. மாறவில்லை என்றால் டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

டேப்பட் பார்க்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. வால்வுகளை முன்னிருந்து பின்னாக ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்ளுங்கள். எந்த வால்வு முழுவதும் அழுந்தித் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வருகிற எண்ணுள்ள வால்வைச் சரிசெய்யலாம். எட்டாவது அழுந்தியிருந்தால் முதலாவது, மூன்றாவது அழுந்தியிருந்தால் ஆறாவது. இந்த என்ஜினில் வால்வுகள் எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட் என்று இரு பாதியிலும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதால் கணக்கு தப்பாது. ஃபீலர் கேஜ் அளவும், என்ஜின் சூடாக இருக்க வேண்டுமா ஆறியிருக்க வேண்டுமா என்பதும் உங்கள் மாடலின் கையேட்டில் உள்ளபடி.

கவனிக்க வேண்டியது இடைவெளி எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்பதை. ராக்கர், புஷ்ராட் தேய்ந்தால் இடைவெளி அதிகமாகும், ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் சத்தமே வராது. வண்டி முன்பைவிட அமைதியாகிவிட்டது என்றுகூடத் தோன்றும். அந்த அமைதியை நம்பாதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வு ஹெட்டுக்குள் புதைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இடைவெளி முழுவதும் தீர்ந்த பிறகு வால்வு சரியாக மூடாது, சூடான புகை அதன் விளிம்பைச் சீவிக்கொண்டு போகும், ஓரிரு மலைப் பயணத்தில் எரிந்துவிடும்.

இதற்குக் காரணம் பெட்ரோலில் இருந்த ஈயம் இப்போது இல்லாதது. இந்த என்ஜினை வடிவமைத்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு உட்காரும் இடமான சீட்டில் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்போடு இரும்பு ஒட்டாமல் காத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது. நாட்டு மக்களின் மூச்சுக்கு அது பெரும் நன்மை. ஹெட்டிலேயே குடைந்த மெத்தென்ற வார்ப்பிரும்பு சீட்டுக்கு மட்டும் பாதுகாப்பு போய்விட்டது. ஊருக்குள் நாற்பதில் ஓட்டுபவருக்கு இது வெளியே தெரியாது. நான்குவழிச் சாலையில் எண்பதில் மணிக்கணக்காக ஓட்டினாலோ, ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசிகளை இரண்டாம் கியரில் அடிக்கடி ஏறினாலோ வேகமாகத் தேயும்.

தீர்வு ஹெட்டை மட்டும் இறக்கிச் செய்யும் வேலை. நான்கு எக்ஸாஸ்ட் சீட்டுகளையும் குடைந்து, கடினப்படுத்திய வளையங்களை இறுக்கி ஏற்ற வேண்டும். ஹெட் வேலையில் பழகிய லேத் பட்டறையில் கொடுங்கள். வளையத்தின் இறுக்கம் போதாவிட்டால் சூட்டில் கழன்று பிஸ்டன் மேல் விழும். கையோடு வால்வு, அது ஏறி இறங்கும் குழலான கைடு, சீல் எல்லாவற்றையும் புதிதாக்கிவிடலாம். என் வண்டியின் ஹெட்டைத் திறந்த முதியவர் மூன்றாம் சிலிண்டரின் வால்வை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். விளிம்பில் எலி கடித்த அப்பளம் போல ஒரு துண்டு இல்லை. “தம்பி, கீழே போரில் இன்னும் ஹோனிங் கோடு தெரிகிறது. இதையா தூக்கிப் போடச் சொன்னார்கள்?” என்றார். அவர் குரலில் இருந்தது கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அறிகுறி: புகை

புகையைப் பார்த்தவுடன் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். நிறத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எப்போது வருகிறது என்றும் பாருங்கள்.

நீலப்புகை, மலை இறங்கி முடித்து மறுபடி மிதிக்கும்போது ஒரு கொத்தாக வந்து நின்றுவிடுகிறதா? அல்லது காலையில் எடுத்தவுடன் ஒரு முறை மட்டும் வருகிறதா? வால்வு கைடு வழியாக ஆயில் இறங்குகிறது. ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது மானிஃபோல்டில் உறிஞ்சும் விசை அதிகம்; அது தேய்ந்த கைடு வழியாக ஆயிலை இழுத்துக்கொள்கிறது. இதுவும் ஹெட் வேலைதான்.

நீலப்புகை, மேடு ஏறும்போது விடாமல், மிதிக்க மிதிக்க அதிகமாகிறதா? ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை மேலே பிடித்துப் பாருங்கள். ரயில் என்ஜின் போலப் புகை குபுகுபுவென்று அடித்தால் அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். ஆயில் விட்டு அளந்த கம்ப்ரஷனும் ஏறியிருந்தால் சந்தேகம் வேண்டாம், போர் வேலை வந்துவிட்டது. ஆனாலும் ஒரு விலக்கு உண்டு. ஆண்டுக்கணக்கில் நின்றிருந்த வண்டியில் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நல்ல ஆயில் மாற்றி, ஐந்நூறு கிலோமீட்டர் சீராக ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பத்தாண்டுகள் கொட்டகையில் கிடந்த வண்டி ஒன்று அப்படித் தெளிந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

கரும்புகை கார்புரேட்டர் விஷயம்: சோக் முழுவதும் திறக்கவில்லை, மிதவை ஓட்டையாகியிருக்கிறது, நீடில் வால்வு தேய்ந்திருக்கிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. என்ஜினைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வெண்புகை ஊட்டிக் காலையில் வந்தால் வெறும் நீராவி. என்ஜின் சூடான பிறகும் தொடர்ந்தால், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால், ஆயில் மூடியின் உட்புறம் தயிர் போலப் படிந்தால், பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டில் மட்டும் கம்ப்ரஷன் தாழ்ந்தால், ஹெட் கேஸ்கட் ஊதியிருக்கிறது. ஹெட்டை இறக்கிய பிறகு அதன் முகத்தில் இரும்பு அளவுகோலை நிறுத்திச் சமதளம் பார்க்காமல் புதுக் கேஸ்கட் போடாதீர்கள். மூன்றே மாதத்தில் திரும்ப வரும்.

அறிகுறி: சூடு ஏறுகிறது

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் நெடுங்காலப் பழக்கம். அதனால் வண்டி குளிர்ச்சியாகிவிடாது. என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடி, போர் சீக்கிரம் தேயும். மலையில் அப்போதும் கொதிக்கும், ஏனென்றால் உண்மையான காரணம் அப்படியே இருக்கிறது.

அது பெரும்பாலும் உப்பு. கோவை, திருப்பூர், சேலம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை முப்பது ஆண்டுகள் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்கள் காபி ஃபில்டர் அடைத்தது போலாகிவிடும். ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். பிளாக்கின் பக்கத்தில் தண்ணீர் வடிக்க ஒரு குழாய் இருக்கிறது. அதைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா? வராவிட்டால் கடைசிச் சிலிண்டரைச் சுற்றிச் சேறு கட்டியிருக்கிறது. கம்பியால் குத்திக் கிளறி, எதிர்த்திசையில் தண்ணீரைப் பாய்ச்சிச் செந்நீர் தெளியும் வரை கழுவுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் மட்டும். ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் ஆகியவற்றைப் பார்க்க அரை மணி நேரம் போதும். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் சூடு ஏறும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: ஆயில் கசிகிறது

கிராங்கின் பின்முனையில், கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் இரண்டு சொட்டு விழுந்தால் விட்டுவிடுங்கள். இந்த என்ஜினில் அங்கே ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகு போன்ற மரை, ஆயிலைச் சுழற்றி உள்ளே திருப்பி அனுப்புகிறது. என்ஜின் நின்றதும் அந்த வேலையும் நின்றுவிடும், கொஞ்சம் சொட்டும். திடீரென்று கசிவு அதிகரித்தால் முதலில் என்ஜினின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் பைப் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடினால் ஆயில் கிடைத்த வழியில் வெளியே வரும்.

அறிகுறி: சத்தம்

பட்டறையில் உரிமையாளரைப் பயமுறுத்துவதற்குச் சத்தத்தைப் போல உதவுவது வேறில்லை. அதனால் நீங்களே காது பழகிக்கொள்வது நல்லது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை என்ஜினின் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேளுங்கள்.

மேலே ராக்கர் மூடியில் ‘டிக் டிக்’ என்பது டேப்பட். முன்பக்கம், ரேடியேட்டரை ஒட்டிச் சங்கிலி உரசுவது போலக் கேட்டால் டைமிங் செயின். அதை மாற்ற என்ஜினை இறக்க வேண்டாம். குளிர்ந்தபோது மட்டும் கேட்டு, சூடானதும் மறையும் பொத்தென்ற தட்டல், பிஸ்டன் போருக்குள் சாய்ந்து அடிப்பது. கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் அதோடு இன்னும் பல ஆண்டுகள் ஓடலாம். வாட்டர் பம்ப்பும் டைனமோவும் பேரிங் போனால் என்ஜின் சத்தம் போலவே ஊரைக் கூட்டும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் என்ஜின்மீது பழியில்லை.

பயப்பட வேண்டியவை இரண்டு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் காலை லேசாக விடும்போது சுத்தியலால் தட்டுவது போலத் தெளிவாகக் கேட்டு, ஒரு குறிப்பிட்ட பிளக் வயரைக் கழற்றினால் குறையுமானால் அது கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங். மேட்டில் சுமையோடு இழுக்கும்போது வண்டியின் வயிற்றுக்குள்ளிருந்து கனமாக ‘தொம் தொம்’ என்று வந்து, ஆயில் பிரஷரும் தாழ்ந்திருந்தால் மெயின் பேரிங். இரண்டில் எது கேட்டாலும் வண்டியை அங்கேயே நிறுத்தி, கட்டி இழுத்து வாருங்கள். இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் பேரிங் செலவு கிராங்க் செலவாகும். இருபது ஓட்டினால் கனெக்டிங் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஆயில் பிரஷர் மட்டும் தாழ்ந்து சத்தம் எதுவும் இல்லை என்றால் உடனே கிராங்க்கைச் சந்தேகிக்காதீர்கள். என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி ஆயில் வலையைப் பாருங்கள். தார் போன்ற கசடு அதை மூடியிருக்கும். ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். 20W-40 ஊற்ற வேண்டிய இடத்தில் புதுக் கார்களுக்கான நீர்த்த ஆயிலை யாரோ ஊற்றியிருக்கவும் கூடும்.

என்ஜினை இறக்கியே ஆக வேண்டும் என்றால்

இறக்குவது வேறு, மாற்றுவது வேறு. இந்த இரண்டும் ஒன்று என்று உங்களை நம்பவைத்துவிடுவார்கள்.

போரை மேலிருந்து கீழாக நான்கைந்து இடங்களில் அளக்கச் சொல்லி எண்களை எழுதி வாங்குங்கள். தேய்மானம் 0.006 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் ரிங் மட்டும் போடுவது வீண். ரீபோர் செய்து, அதாவது போரைச் சற்று அகலமாக வெட்டி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்: பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று நான்கு படிகள், எல்லாம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. பிஸ்டனை முதலில் வாங்கி, கையில் கொடுத்து, அதை அளந்தபின் போரை வெட்டச் சொல்லுங்கள். வெட்டியபின் பிஸ்டன் தேடி அலைவது கொடுமை. நாற்பதையும் தாண்டிய பிளாக்காக இருந்தால் ஸ்லீவ் ஏற்றி மறுபடி தொடக்க அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்கையும் இதே போல நான்கு படிகள் வரை அரைக்கலாம். அதற்கும் கீழே போனால் வேறு கிராங்க் வாங்கிப் போடலாம். கிராங்க், பிஸ்டன், ஹெட், கேம் எல்லாவற்றையும் மாற்றினாலும் பிளாக்கும் அதிலுள்ள எண்ணும் அப்படியே இருக்கும். பதிவுச் சான்றிதழைப் பொறுத்தவரை அது அதே என்ஜின்தான்.

அந்த எண்ணின் அருமை இப்போது கூடியிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை வந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூலவடிவில் இருக்க வேண்டும். என் தந்தையின் வண்டி 2022-இல் அந்த வயதைக் கடந்தது. டீசல் என்ஜின் போட்டிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது என்பதையும் அறிந்தே முடிவெடுங்கள். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. நான் இன்னும் மாறவில்லை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை சாதாரணப் பதிவையே புதுப்பித்து ஓட்டுகிறேன்.

மாற்றியே ஆக வேண்டிய நிலைகள்

உண்டு, மறுக்கவில்லை. மெயின் பேரிங்கைத் தாங்கும் சுவரில் விரிசல் கண்ட பிளாக். ராடு துளைத்த பிளாக். இரண்டு சிலிண்டருக்கு நடுவே தண்ணீர்ப் பாதை வரை பிளந்த பிளாக். வெளிப்புறத் தண்ணீர்ச் சுவரில் மட்டும் விரிசல் என்றால் வார்ப்பிரும்பைத் தையல் போட்டு அடைப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் காட்டுங்கள்.

மாற்றுவதென்றால் முதல் தேர்வு இன்னொரு 1489. மவுன்ட், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எதையும் தொட வேண்டாம். வாங்குமுன் அதிலும் கம்ப்ரஷன் பாருங்கள். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கான பதிவுச் சான்று நகலும் விற்பனை ரசீதும் இல்லாத என்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். திருட்டு வண்டியின் எண் உங்கள் பெயரில் வந்து சேரும்.

அடுத்தது 1992-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசடரில் பொருத்திய 1817 சி.சி. இசுசு பெட்ரோல் என்ஜின், ஐந்து கியர் பெட்டியோடு. சக்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இது நியாயமான தேர்வு. ஆனால் கியர்பாக்ஸ், மவுன்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். பழைய பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு சக்தியை மட்டும் கூட்டாதீர்கள்.

மெட்டடார் வேனின் டீசல் என்ஜினை ஏற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எடை கூடுகிறது, முன்பக்கத்தைத் தாங்கும் ஸ்பிரிங் கம்பியான டார்ஷன் பார் தொய்கிறது, ஸ்டியரிங் கனக்கிறது, அதிர்வில் பாடியின் ஒட்டுகள் விரிகின்றன. டீசல் மலிவாக இருந்த நாட்களில் டாக்சிக்காரர்களுக்கு அதில் கணக்கு இருந்தது. வீட்டுக் காருக்கு இன்று அந்தக் கணக்கு இல்லை.

எதைப் போட்டாலும் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்அனுமதி பெற்று, புதிய என்ஜின் எண்ணைச் சான்றிதழில் ஏற்றிய பிறகே வண்டியைச் சாலைக்குக் கொண்டுவாருங்கள். சான்றிதழில் ஓர் எண், பிளாக்கில் வேறோர் எண் என்றிருந்தால் எஃப்.சி.யில் நிற்கும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் நிற்கும்.

பழைய என்ஜினைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். கழித்துக்கொள்கிறோம் என்று ஒரு சிறு தொகை சொல்வார்கள். வாங்கிக்கொள்ளாதீர்கள். பிளாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் வடித்து, போரில் கெட்டியாகக் கிரீஸ் பூசி, துளைகளைத் துணியால் அடைத்து, மரப்பலகைமேல் தரை ஈரம் படாமல் வைத்து மூடுங்கள். எண் பொறித்த பக்கம் சுவரைப் பார்க்காமல் வெளியே பார்த்திருக்கட்டும்.